ரெண்டு போலீஸ், ரெண்டு சிடி

‘ரஷ் ஹவர்’ ஓடுவது 98 நிமிடம். வீடியோ சிடி என்று நாங்கள் கொண்டாடிய தட்டில் கொள்வதோ 74 நிமிடம். நெருக்கிப் பிடித்தால் 80. ஆகவே படம் ரெண்டு சிடி. முதல் சிடி எங்கே முடிய வேண்டும் என்று இயக்குநர் பிரெட் ராட்னரை யாரும் கேட்கவில்லை. அதை முடிவு செய்தவர், பர்மா பஜாருக்குச் சரக்கு அனுப்பிய யாரோ ஒரு புண்ணியவான். எங்களுக்குக் கிடைத்த பிரதியில், லாஸ் ஏஞ்சலீஸ் சைனா டவுனில் இருக்கும் ஃபூ சோ ஓட்டலுக்குள் கிறிஸ் டக்கர் மிடுக்காக நுழைவார், வில்லன் இங்கேதானே இருக்கிறான் என்று விசாரிப்பார், டிவி நீலமாகிவிடும். ஹாலிவுட்காரர்களுக்கு இடைவேளை விடத் தெரியாது என்ற குறையைத் தீர்த்துவைத்தவர் அந்தப் புண்ணியவான்தான். எந்த இடத்தில் கத்தரித்தால் ஜனங்கள் எழுந்து போகமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கதை ஒரு வரி. ஹாங்காங்கில் பிரிட்டிஷ் கொடி இறங்கும் நாளில் படம் தொடங்கும். அங்கிருந்து அமெரிக்கா போகும் சீனத் தூதரின் சின்னப் பெண்ணைக் கடத்திவிடுகிறார்கள். தூதர் தன் நண்பரான இன்ஸ்பெக்டர் லீயை வரவழைக்கிறார். அதுதான் ஜாக்கி சான். வெளியூர் போலீஸ் வந்து துப்புத் துலக்குவது எஃப்.பி.ஐ.க்குக் கௌரவக் குறைச்சல். வந்தவரை அங்கே இங்கே ஊர் சுற்றிக் காட்டிப் பொழுதைப் போக்கு என்று உள்ளூர் போலீஸில் யாருக்கும் வேண்டாத கார்ட்டரின் தலையில் கட்டுகிறார்கள், அதுதான் டக்கர். ஒருவர் பேசமாட்டார், அடிப்பார். மற்றவர் பேச்சை நிறுத்தவே மாட்டார், அடியும் வாங்குவார்.

ஒத்துவராத ரெண்டு போலீஸை ஒரே காரில் ஏற்றிவிடும் இந்தச் சரக்கு 1987இல் ‘லீத்தல் வெப்பன்’ வந்தபோதே சூடாக விற்றதுதான். ஜாக்கிக்கும் அது புதிதில்லை. 1985இல் ‘தி ப்ரொடெக்டர்’ என்ற படத்தில் நியூயார்க் போலீஸாக டேனி ஐயெல்லோவோடு ஜோடி போட்டுப் பார்த்தார், போணியாகவில்லை. அந்த வெறுப்பில் ஹாங்காங் திரும்பி அதே ஆண்டில் எடுத்ததுதான் ‘போலீஸ் ஸ்டோரி’. அமெரிக்காக்காரர்களுக்கு அவரை எப்படிப் பயன்படுத்துவது என்று புரிய இன்னும் பதின்மூன்று வருஷம் ஆயிற்று. அப்போது அவருக்கு 44 வயது. 1998 செப்டம்பர் 18இல் வந்த ‘ரஷ் ஹவர்’ உலகம் முழுக்க 24 கோடி டாலருக்கு மேல் வசூல் செய்தது. அந்தக் கணக்கில் எங்கள் தெருவின் பங்கு ஒரு பைசா கிடையாது.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சின்ன டவுன் எங்களுடையது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு தையல் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே ஒடுங்கிப்போன வீடியோ லைப்ரரி. அன்றைக்கு ‘லைப்ரரி’ என்றால் எங்களுக்கு அதுதான். உண்மையான நூலகத்துக்குப் போகிறவன் ‘நூலகம்’ என்று திருத்தமாகச் சொல்லிவிட்டுப் போவான். பிளேயரும் சிடியும் சேர்த்து வாடகைக்குத் தருவார் கடைக்கார அண்ணன். ஒரு நீளமான கணக்கு நோட்டு வைத்திருந்தார். படத்தின் பெயருக்கு எதிரே எடுத்துப்போனவர்கள் கையெழுத்து. கையெழுத்து பக்கம் தாண்டிப் போனால் நல்ல படம். ரெண்டோடு நின்றால் ஆர்ட் படம்.

இதே வேலையைக் கலிபோர்னியாவில் ஒருவர் கொஞ்சம் பெரிய அளவில் செய்துகொண்டிருந்தார் என்பது பின்னால்தான் தெரியவந்தது. சென் டுவாங் என்ற ஜாக்கி ரசிகர். அமெரிக்காவில் ஜாக்கி படங்களுக்கு வரும் விமர்சனங்களை ஒரே இடத்தில் சேர்க்க ஆசைப்பட்டார். ‘ரஷ் ஹவர்’ 1998 ஆகஸ்டில் வரும் என்று நம்பி ராப்பகலாக உட்கார்ந்து தளம் ஒன்றை அமைத்தார். படம் செப்டம்பருக்குத் தள்ளிப்போனது, தளம் ஆகஸ்டிலேயே திறந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பந்தல் போட்டு மாப்பிள்ளை வராத கதை. அந்தத் தளத்தின் பெயர் ராட்டன் டொமேட்டோஸ். இன்றைக்கு ஒரு படத்துக்கு எத்தனை சதவீதம் என்று உலகமே அதைத்தான் கேட்கிறது. கடைக்கார அண்ணனின் நோட்டு மழையில் நனைந்து போனது.

டக்கர் பேசியது எங்கள் யாருக்கும் புரியவில்லை. சப்டைட்டில் என்ற வசதி அந்தத் தட்டில் கிடையாது. மாடிவீட்டு அண்ணன் ஒருவர் இங்கிலீஷில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தார். அவரை நடுவில் உட்காரவைத்து, அவர் சிரிக்கும்போது நாங்களும் சிரிப்பது என்று ஏற்பாடு. கொஞ்ச நேரம் நன்றாகப் போனது. பிறகு அவர் எங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். ஷேக்ஸ்பியர் படித்தவருக்கு லாஸ் ஏஞ்சலீஸ் கறுப்பின இளைஞனின் வேகம் பிடிபடவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

படத்திலேயே இதற்கு ஒரு காட்சி உண்டு. விமான நிலையத்தில் வந்திறங்கும் லீயிடம், காது கேளாதவரிடம் கத்துவதுபோல் கார்ட்டர் கத்துவார், நான் பேசுவது புரிகிறதா என்று. ஜாக்கி ஒரு புன்னகை. அவ்வளவுதான். அந்தப் புன்னகையை நம்பி, வண்டியில் ஏற்றி, வழியெல்லாம் வாய்க்கு வந்ததைப் பேசி, ஹாலிவுட்டின் சைனீஸ் தியேட்டர் வாசலுக்குக் கூட்டிப்போவார் கார்ட்டர். உன் ஊர் ஆட்கள் யாராவது தெரிகிறார்களா பார் என்கிற தொனி. அப்புறம்தான் ஜாக்கி சுத்தமாக இங்கிலீஷில் வாயைத் திறப்பார். தெரியாது என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லையே! தெருவே கைதட்டியது. டக்கரிடம் புரியாமல் விட்ட அத்தனைக்கும் அந்த ஒரு இடத்தில் கணக்கு தீர்த்துக்கொண்டோம்.

வேடிக்கை என்னவென்றால், ‘ரஷ் ஹவர்’ தனக்கு அவ்வளவாகப் பிடித்த படமில்லை, அமெரிக்கக் காமெடி தனக்குப் பிடிபடவில்லை, டக்கர் பேசுவதும் சரியாகப் புரியவில்லை என்று ஜாக்கியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இது அப்போதே தெரிந்திருந்தால் மாடிவீட்டு அண்ணன் நிம்மதியாக எம்.ஏ. முடித்திருப்பார்.

வீடியோ சிடியின் படம் 352க்கு 288 புள்ளி. அதற்கு மேல் அதனால் முடியாது. ஆட்கள் நின்று பேசும்வரை ஒன்றும் தெரியாது. யாராவது கையை வீசினால்தான் வம்பு. உலகத்திலேயே வேகமாகக் கையை வீசுகிற மனிதரின் படத்தை அந்தத் தட்டில் பார்ப்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கடைசியில் கண்காட்சி அரங்கில் ஒரு சண்டை வரும். ஆளுயரச் சீன ஜாடிகள் வரிசையாக நிற்கும். அடியாட்களை உதைக்கவும் வேண்டும், ஜாடி விழாமல் பிடிக்கவும் வேண்டும். ஒரு கையால் குத்து, மறு கையால் ஜாடி, ஒன்றை நிமிர்த்தினால் இன்னொன்று சாயும். இந்தக் காட்சியில் ஜாக்கி சதுரங்களாகச் சிதறிவிடுவார். தோள் இங்கே, முழங்கை அங்கே. ஜாடி மட்டும் அசையாமல் தெளிவாக நிற்கும். அவர் பாடுபட்டுக் காப்பாற்றிய ஜாடியைக் கடைசியில் துப்பாக்கிக் குண்டு நொறுக்கும்போது அதுவும் சதுரங்களாகி அவரோடு சேர்ந்துகொள்ளும். தட்டைப் பற்பசை போட்டுத் தேய்த்துப் பார்த்தோம், லுங்கி முனையால் துடைத்தோம். கோளாறு தட்டில் இல்லை, ஜாக்கியின் கையில்.

இதையெல்லாம் விடப் பெரிய அதிசயம் படத்தின் தொடக்கத்தில் இருந்தது. எங்கோ அசல் பிரதியிலிருந்து உருவியவர்கள் அவசரத்தில் எதையும் வெட்டவில்லை. ஆகவே திருட்டு சிடியைப் போட்டதும் முதலில் வருவது எஃப்.பி.ஐ. எச்சரிக்கை: இதைத் திருட்டுத்தனமாகப் பிரதி எடுத்தால் ஐந்து வருஷம் ஜெயில், ரெண்டரை லட்சம் டாலர் அபராதம். ரெண்டரை லட்சம் டாலருக்கு எத்தனை ரூபாய் என்று அப்போதைக்கு அப்போது கணக்குப் போட ஒருவன் எப்போதும் இருந்தான். அது முடிந்து படம் ஆரம்பித்தால், அதே எஃப்.பி.ஐ. கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு, கடத்தல்காரனிடம் பணத்தையும் பறிகொடுத்து, ஒரு விஷயத்தையும் கண்டுபிடிக்காமல் நிற்கும். அந்த எச்சரிக்கைக்கு நாங்கள் ஏன் பயப்படவில்லை என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. 2001இல் வந்த ரெண்டாம் பாகம் கள்ள டாலர் அடிக்கும் கும்பலைப் பிடிக்கும் கதை. அதையும் கள்ள சிடியில்தான் பார்த்தோம்.

உள்ளூர் போலீஸ் வேறு ரகம். 2004இல் தமிழ்நாட்டில் குண்டர் சட்டத்துக்குள் வீடியோ திருடர்களையும் கொண்டுவந்தார்கள். சாராயம் காய்ச்சுபவர், ரவுடி, குடிசைப் பகுதி நில அபகரிப்பாளர் வரிசையில் சிடி விற்பவரும் சேர்ந்தார். பிடித்தால் ஒரு வருஷம் வரை உள்ளே. அதற்கப்புறம் அண்ணன் கடையில் புதுத் தமிழ்ப் படம் கேட்டால் காதிலேயே போட்டுக்கொள்ளமாட்டார். இங்கிலீஷ் படத்துக்கு யாரும் வரமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. ஒரு நாள் ஏட்டய்யா ஒருவர் வந்தார். அலமாரியை மேலும் கீழும் பார்த்தார். அண்ணனுக்கு வேர்த்துவிட்டது.

“ஜாக்கி படம் எதாச்சும் இருக்காப்பா? பையன் உயிரை எடுக்கிறான்.”

அண்ணன் ‘ரஷ் ஹவர்’ ரெண்டு பாகத்தையும் நாலு சிடியாக உறையில் போட்டுக் கொடுத்தார். நோட்டில் கையெழுத்து கேட்கவில்லை. ரெண்டு நாள் கழித்து ஏட்டய்யாவே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ரெண்டாவது சிடி சிக்குகிறது என்று புகார் சொல்லிவிட்டும் போனார்.

நம் சினிமாவில் ஏன் இந்த ஜோடி போலீஸ் வகை சரியாக வேரூன்றவில்லை என்று சிலர் கேட்பதுண்டு. ‘தங்கப்பதக்கம்’ சிவாஜி, ‘மூன்று முகம்’ ரஜினி என்று நம் காக்கிச்சட்டை எப்போதும் ஒற்றை ஆள். பக்கத்து சீட்டில் இன்னொரு போலீஸ் உட்கார்ந்தால் அவர் இடைவேளைக்கு முன்னால் செத்தாக வேண்டும், பழி வாங்கக் காரணம் வேண்டுமே. ஆனால் 2007இல் வந்த ‘மருதமலை’யை மறந்துவிடுகிறோம். என்கவுண்டர் ஏகாம்பரமாக வடிவேலு, அவருக்குக் கீழே விறைப்பாக நிற்கும் அர்ஜுன். வாய் ஒருவர், கை ஒருவர். வடிவேலு பகுதியை மட்டும் தனியாகக் கத்தரித்துப் போட்டால் கார்ட்டரும் லீயும் ஒரத்தநாட்டுக்கு மாற்றலாகி வந்த மாதிரி இருக்கும். என் கட்சி இது. சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

டிவிடி வந்த கதைக்கு வருகிறேன். 1999 மார்ச்சிலேயே நியூ லைன் நிறுவனம் ‘பிளாட்டினம் சீரிஸ்’ என்ற வரிசையில் ‘ரஷ் ஹவர்’ டிவிடியை அமெரிக்காவில் வெளியிட்டிருந்தது. சில வருஷம் கழித்து அத்தை மகன் அங்கிருந்து வரும்போது கொண்டுவந்தான். காசு கொடுத்து, ரசீதோடு வாங்கிய அசல். எங்கள் தெருவுக்கு வந்த முதல் சட்டபூர்வமான ஜாக்கி. பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவே ஒருவர் கத்தி கொண்டுவந்தார். தட்டைப் போட்டோம். இந்த மண்டலத்துக்கு இது செல்லாது என்று திரையில் ஒரு வரி. அதோடு சரி.

உலகத்தை ஆறு மண்டலமாகப் பிரித்து, ஒரு மண்டலத்துத் தட்டு இன்னொரு மண்டலத்துப் பெட்டியில் ஓடாமல் பூட்டு போட்டிருந்தார்கள் ஸ்டூடியோக்காரர்கள். அமெரிக்கா ஒன்று, இந்தியா ஐந்து. படம் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு நேரத்தில் தியேட்டருக்கு வரும், அதற்குள் தட்டு முந்திக்கொண்டு போய்விடக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. அமெரிக்காவில் இந்த மாதிரிப் பூட்டுகளை உடைப்பதே குற்றம் என்று சட்டத்தில் கையெழுத்தானது 1998 அக்டோபர் கடைசியில். ‘ரஷ் ஹவர்’ அப்போது அங்கே தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. ஆக, திருடிய தட்டு எந்தப் பெட்டியிலும் ஓடும். விலைக்கு வாங்கிய தட்டு பாஸ்போர்ட் கேட்கும்.

வேறு வழியில்லாமல் அசலைக் கடைக்கார அண்ணனிடம் கொண்டுபோனோம். அவர் தன்னுடைய சைனா பிளேயரின் ரிமோட்டில் ஏதோ நாலைந்து எண் அழுத்தினார், மண்டலம் பூஜ்ஜியம் என்று வந்தது. “இப்ப எந்த ஊர் தட்டும் ஓடும் தம்பி” என்றார். சட்டப்படி வாங்கிய படத்தைப் பார்க்க, சட்டத்தை மீறத் தெரிந்தவரிடம்தான் போக வேண்டியிருந்தது.

ஓடியபோதுதான் தெரிந்தது, நாங்கள் இத்தனை நாள் பார்த்தது படத்தின் நிழலை என்று. ஜாக்கிக்கு முழங்கை இருந்தது. சப்டைட்டிலும் இருந்தது, டக்கர் என்னதான் பேசினார் என்று முதல்முறையாகப் படித்தோம். படித்ததும் அம்மாவை உள்ளே போகச் சொல்லிவிட்டோம்.

படத்தைவிட என்னைக் கட்டிப்போட்டது அந்தத் தட்டின் கூடுதல் சரக்கு. இயக்குநர் படம் நெடுக உட்கார்ந்து பேசிக்கொண்டு வரும் தடம் ஒன்று. வெட்டி எறிந்த காட்சிகள். ராட்னர் மாணவராக இருந்தபோது எடுத்த குறும்படம் ஒன்று. அது எதற்கு என்று கேட்கக் கூடாது, தட்டில் இடம் இருந்தது. எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது இசையமைப்பாளர் லாலோ ஷிஃப்ரினின் தடம். வசனத்தை அமர்த்திவிட்டு, இசையை மட்டும் ஓடவிட்டு, நடுநடுவே அவரே பேசுவார். ‘மிஷன் இம்பாசிபிள்’ இசையைப் போட்டவர் அவர். புரூஸ் லீயின் ‘என்டர் தி டிராகன்’ படத்துக்கு 1973இல் இசையமைத்தவரும் அவரே. அந்தப் படத்தில் புரூஸ் லீ கழுத்தை முறித்துப் போடும் அடியாட்களில் ஒரு பொடியன் உண்டு, முகம் தெரிந்தும் தெரியாமலும். அவன்தான் ஜாக்கி. கால் நூற்றாண்டு கழித்து அதே ஷிஃப்ரின் அதே பொடியனுக்கு, இப்போது கதாநாயகனாக, இசை போடுகிறார். 2025 ஜூனில் ஷிஃப்ரின் காலமானபோது பத்திரிகைகள் ‘மிஷன் இம்பாசிபி’ளோடு நிறுத்திக்கொண்டன. எனக்கு ஜாடிச் சண்டைக்கு அடியில் ஓடும் அந்த இசைதான் காதில் வந்தது, வசனம் இல்லாமல்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. 2007இல் மோசர் பேயர் என்ற நிறுவனம் வந்து வீடியோ சிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று அசலையே மளிகைக் கடையில் தொங்கவிட்டது. திருட்டைவிட அசல் மலிவு என்றால் திருடன் என்ன செய்வான்? பத்து வருஷம் கழித்து மோசர் பேயரே திவாலாகி 2018இல் கலைப்புக்குப் போய்விட்டது. திருடனும் போய், போட்டிக்காரனும் போய், தட்டும் போயாயிற்று.

இன்றைக்கு ‘ரஷ் ஹவர்’ பார்க்க எஃப்.பி.ஐ. மிரட்டல் இல்லை, மண்டலம் கிடையாது, பற்பசை தேவையில்லை. சந்தா கட்டினால் போதும். படம் அந்த மாதம் அந்தச் செயலியில் இருந்தால் பார்க்கலாம். இல்லாவிட்டால் வேறு செயலிக்கு வேறு சந்தா. கடைக்கார அண்ணன்கூடப் போன படம் திரும்பி வந்ததும் எடுத்துவைத்துத் தருவார்.

அக்கா மகனுக்குப் போட்டுக் காட்டினேன். முழங்கையெல்லாம் துல்லியமாக இருந்தது. பையன் ஒரு கண்ணைப் போனில் வைத்துக்கொண்டு மரியாதைக்குப் பார்த்தான். படம் முடிந்தது, ரெண்டு போலீஸும் ஹாங்காங் விமானத்தில் ஏறினார்கள், பெயர்ப் பட்டியல் ஆரம்பித்தது. ஜாக்கி படத்தில் அதற்கப்புறம்தான் விருந்தே. 1981இல் ‘தி கேனன்பால் ரன்’ படத்தில் நடித்தபோது, படப்பிடிப்பில் சொதப்பிய துண்டுகளைக் கடைசியில் ஒட்டிக் காட்டுவதைப் பார்த்துவிட்டு, அதைத் தன் படங்களுக்கும் எடுத்துக்கொண்டவர் அவர். ‘ரஷ் ஹவர்’ கடைசியில் டக்கர் ஒரு சின்னச் சீன வாக்கியத்தைச் சொல்லத் தெரியாமல் திரும்பத் திரும்ப உளறுவார். நான் படம் முழுக்க உன் பாஷையில் பேசுகிறேன், உனக்கு என் பாஷையில் மூணு வார்த்தை வரவில்லையா என்று ஜாக்கி கேட்பார். மாடிவீட்டு அண்ணனே புரிந்துகொண்டு சிரித்த இடம் அது.

அதைத் திருட்டு சிடிக்காரன்கூட வெட்டவில்லை. செயலி வெட்டியது. பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் படம் சுருங்கி மூலைக்குப் போய்விட்டது. தீப்பெட்டி அளவு கட்டத்துக்குள் டக்கர் வாயசைத்துக்கொண்டிருக்க, திரை முழுக்க அடுத்து நான் பார்க்க வேண்டிய படம், ஐந்து, நாலு, மூணு.

“நிறுத்துடா, நிறுத்து!”

“முடிஞ்சிருச்சுல்ல மாமா?”

ரிமோட்டைத் தேடி எடுத்து அந்தத் தீப்பெட்டியைப் பெரிதாக்குவதற்குள் ஒரு அனிமேஷன் கரடி வந்து உட்கார்ந்துவிட்டது. அசல் டிவிடி பரணில் பத்திரமாக இருக்கிறது. போட்டுக் காட்டலாம் என்றால் வீட்டில் எந்தப் பெட்டிக்கும் தட்டு நுழையும் வாய் இல்லை. இப்போது மண்டலம் பூஜ்ஜியம் ஆக்கத் தெரிந்து என்ன பயன்.

போன தீபாவளிக்குப் பிறகு ஊருக்குப் போனபோது அண்ணனைப் பார்த்தேன். அதே ஒடுங்கிய கடை. இப்போது ஜெராக்ஸ், ஆதார் திருத்தம், செல் ரீசார்ஜ். நாலாவது ‘ரஷ் ஹவர்’ வரப்போகிறதாமே என்றார். 2025 நவம்பரில் செய்தி வந்தது உண்மைதான். பாரமவுன்ட் நிறுவனம் விநியோகிக்கப் போகிறது, அதற்குச் சிபாரிசு செய்தது அமெரிக்க அதிபர் டிரம்ப் என்று எழுதினார்கள். இயக்குநர் மறுபடியும் ராட்னர். 2017இல் பல பெண்கள் அவர்மேல் பாலியல் புகார் சொல்ல, அவர் மறுக்க, வார்னர் நிறுவனம் அவரைக் கைகழுவியிருந்தது. கார்ட்டர் மாதிரி ஒரு போலீஸுக்கு எழுபது வயதுக் கூட்டாளியைக் கொடுத்து என்ன பண்ணுவார்கள் என்று எனக்குச் சந்தேகம். அண்ணனுக்கு அப்படி ஒரு சந்தேகமும் இல்லை.

“வந்தா ஒரு பென் டிரைவ்ல ஏத்திக் குடு தம்பி” என்றார். “அதிலயாச்சும் ஒரே பைலா வருமா, இல்ல ரெண்டா?”